உயிலில் மகன் பெயர் இல்லை, பத்திரத்தில் இருக்குமா? 1700களின் பென்சில்வேனியா குடும்பம் ஒன்றைத் தேடுகிறேன்

பத்திரக்காரம்மா

எல்லோருக்கும் வணக்கம். முப்பத்தோரு வருஷம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது மகன் வீட்டில், பென்சில்வேனியாவில் பெர்க்ஸ் கவுன்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இருக்கிறேன். மருமகள் இந்த ஊர்ப் பெண். அவள் அம்மா வழிக் குடும்பம், அமெரிக்கா தனி நாடு ஆவதற்கு முன்பே இங்கே வந்து விவசாயம் பார்த்த குடும்பம் என்று சொல்வார்கள். வீட்டில் ஒரு பழைய பைபிள் இருக்கிறது. அதில் குழந்தைகள் பிறந்த தேதிகளை எழுதி வைத்திருக்கிறார்கள், ஆனால் 1779க்கு முன்னால் ஒரு வரி கூட இல்லை. பேத்தி வந்து, "பாட்டி, உங்களுக்குத்தான் பழைய பத்திரம் படிக்கத் தெரியுமே" என்று கேட்டாள். அன்றிலிருந்து இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

பைபிளில் முதலில் வருகிறவர் வில்லியம். அவருடைய அப்பா ஜான் என்பது வீட்டில் சொல்லிவரும் பேச்சு. 1783ல் ஒரு ஜான் எழுதிய உயில் கிடைத்தது, அதே டவுன்ஷிப் (கவுன்டிக்குள் ஒரு சின்னப் பிரிவு), அதே குடும்பப் பெயர். மனைவி, நான்கு மகள்கள், இரண்டு மகன்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். வில்லியம் இல்லை. போதாக்குறைக்கு வரிப் பட்டியலில் அதே பெயரில் மூன்று ஜான்கள். 1752க்கு முன்னால் இந்தக் கவுன்டியில் இவர்கள் பெயரே இல்லை.

உயிலில் பெயர் இல்லாவிட்டால் மகன் இல்லை என்றுதானே அர்த்தம்? இந்த வழியை விட்டுவிடலாமா?

ஓலைச்சுவடி

வணக்கம்மா. விட்டுவிடாதீர்கள். உயிலில் பெயர் இல்லாதது எதையும் மறுக்காது. தன் பங்கை முன்பே வாங்கிக்கொண்ட மகனுக்கு உயிலில் இடம் இல்லாமல் போவது அந்தக் காலத்தில் சாதாரணம்.

1752 விஷயம் எளிது. பெர்க்ஸ் கவுன்டியே 1752ல்தான் பிறந்தது. பிலடெல்பியா, செஸ்டர், லான்காஸ்டர் மூன்றிலிருந்தும் வெட்டி எடுத்து உண்டாக்கினார்கள். நிலம் அசையவில்லை, அதன் காகிதம் இருக்கும் கச்சேரி, அதாவது அலுவலகம், மட்டும் மாறியது. அதற்கு முந்தியதை அந்த மூன்று கவுன்டிகளின் ஏடுகளில், முதலில் பிலடெல்பியாவில் தேடுங்கள்.

இதை நன்றாகப் புரிந்துகொள்ள ஆபிரகாம் லிங்கன் குடும்பத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அவருடைய முன்னோர்களும் உங்கள் பெர்க்ஸ் கவுன்டி வழியாகத்தான் போனார்கள். முக்கியமாக, லிங்கனுக்கே தன் தாத்தாவுக்கு அப்பால் தெரியாது. 1848ல் மாசசூசெட்ஸில் ஹிங்கம் ஊரிலிருந்த லிங்கன் ஒருவருக்கும், வர்ஜீனியாவில் ராக்கிங்ஹாமிலிருந்த லிங்கன் ஒருவருக்கும் கடிதம் எழுதி விசாரித்தார். 1859ல் தன்னைப் பற்றி எழுதிய குறிப்பில், நியூ இங்கிலாந்து லிங்கன்களோடு தங்களை இணைத்துப் பார்க்க நடந்த முயற்சியில் ஈனாக், லீவை, மார்டகை, சாலமன், ஆபிரகாம் என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பெயர்கள் வருவதைத் தாண்டி உறுதியாக ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். அந்த இணைப்பு உண்மைதான் என்று பின்னால் நிரூபணமானது. பெயர் அதை நிரூபிக்கவில்லை, பத்திரங்கள் நிரூபித்தன.

புதுஆள்_ராலே

டி.என்.ஏ. பரிசோதனை செய்தால் இரண்டு மாதத்தில் தெரிந்துவிடுமே, இவ்வளவு கஷ்டம் எதற்கு? அப்புறம் அந்தக் காலத்தில் முதல் பையனுக்குத் தாத்தா பெயர் வைப்பார்கள், அதை வைத்தும் கண்டுபிடிக்கலாம் என்று படித்தேன்.

ஓலைச்சுவடி

டி.என்.ஏ. உதவும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது "இந்தக் குடும்பத்துக்கும் அந்தக் குடும்பத்துக்கும் உறவு உண்டு" என்பதோடு நின்றுவிடும். மூன்று ஜான்களும் அண்ணன் தம்பி பிள்ளைகளாக இருந்தால், அவர்களில் யார் வில்லியத்தின் அப்பா என்று ஏழு தலைமுறை தள்ளி எச்சில் குழாயில் தெரியாது.

பெயர் வைக்கும் வழக்கத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஹிங்கமையே பாருங்கள். 1637ல் நார்விச் நெசவாளர் பிரான்சிஸ் லாஸ் என்பவரின் வேலைப்பையனாக இங்கிலாந்திலிருந்து வந்தவர் சாமுவேல் லிங்கன். அந்தச் சின்ன ஊரில் அப்போது எத்தனை தாமஸ் லிங்கன் தெரியுமா? நெசவாளர் தாமஸ், மாவு மில் தாமஸ், பீப்பாய் செய்யும் தாமஸ், விவசாயி தாமஸ். ஊர்க்காரர்களே தொழிலைச் சேர்த்துத்தான் எழுதினார்கள். இவர்களில் நெசவாளர் தாமஸ் சாமுவேலின் அண்ணன். அவர் பிள்ளையில்லாமல் 1675ல் இறந்தார், அவருடைய சொத்து சாமுவேலுக்கு வந்தது. அந்தச் சொத்து போன வழி தெரிந்தால் எந்தத் தாமஸ் யாருக்கு அண்ணன் என்பதில் சண்டையே வராது.

அம்மா, உங்கள் மூன்று ஜான்களுக்கும் இதையே செய்யுங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தாள் போட்டு, தொழில், மனைவி பெயர், எந்த ஓடைப் பக்கம் நிலம், பக்கத்து நிலத்துக்காரர் யார் என்று எழுதி வாருங்கள். மனிதனைத் தேடாமல் நிலத்தைத் தேடுங்கள்.

பத்திரக்காரம்மா

தம்பி, நீங்கள் சொல்வது என் தொழில்தான். தாய்ப்பத்திரம் பிடித்து மேலே மேலே போவது, நான்கெல்லை பார்த்துச் சர்வே எண்ணை உறுதி செய்வது, இதையெல்லாம் தினமும் செய்தவள். இங்கே சர்வே எண் இல்லையே என்று மலைத்துப்போய் நின்றுவிட்டேன். "கறுப்பு ஓக் மரத்திலிருந்து வடக்கு 40 டிகிரி கிழக்காக 96 'போல்' (ஒரு நீள அளவு) போய் ஒரு கல்" என்று எழுதினால் அந்த மரத்தை எங்கே போய்த் தேடுவது?

அந்த லிங்கன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள். பெர்க்ஸுக்கு எப்படி வந்தார்கள்?

ஓலைச்சுவடி

சாமுவேலின் மகன் மார்டகை கொல்லர். மாசசூசெட்ஸில் ஸிச்சுவேட் ஊரில் 1727ல் இறந்தார். அவருடைய மகனும் மார்டகைதான், இவர் 1686ல் பிறந்தவர். இந்தச் சின்ன மார்டகை நியூ ஜெர்சிக்குப் போய் மான்மவுத் கவுன்டியில் ஹன்னா சால்டரைக் கல்யாணம் செய்தார். கல்யாணம் எப்போது நடந்தது என்பதற்கு ஹன்னாவின் மாமா ஜான் பவுன் 1714ல் எழுதிய உயிலைப் பார்க்க வேண்டும், அதில் அவள் ஹன்னா லிங்கன் என்றே வருகிறாள். அதாவது கல்யாணம் அதற்குள் முடிந்துவிட்டது. மாமன் உயில், சித்தப்பா உயில், பிள்ளையில்லாத அத்தை உயில் எல்லாவற்றையும் படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். பிள்ளை இருக்கிறவன் உயிலில் பிள்ளைகள் மட்டும் வருவார்கள், இல்லாதவன் உயிலில் சொந்தம் முழுக்க வரும்.

அப்புறம் அவர்கள் பென்சில்வேனியா வந்து, இரும்பு உலை ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு வைத்திருந்து, 1725ல் அதை விற்றுவிட்டு, இன்று பெர்க்ஸில் எக்ஸிட்டர் என்கிற டவுன்ஷிப் இருக்கும் இடத்தில் குடியேறினார்கள். 1733ல் கட்டிய அவர்கள் வீடு இன்னும் நிற்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். 1736ல் மார்டகை இறந்தார். உயிலில் பிப்ரவரி 1735/6 என்று இரட்டை வருஷம் போட்டிருக்கும், பார்த்துப் பயப்படாதீர்கள். 1752 வரை பிரிட்டிஷ் கணக்கில் வருஷம் மார்ச் 25ல் பிறந்தது. அதனால் ஜனவரி முதல் மார்ச் 24 வரையான நாள்களுக்கு இரண்டு வருஷமும் எழுதுவார்கள். இது தெரியாமல், அப்பா இறந்த பிறகு உயில் எழுதினார் என்று குறிப்பு வைத்தவர்கள் உண்டு.

அந்த உயிலில்தான் முக்கியமான வரி இருக்கிறது. மூத்த மகன் ஜானுக்குக் கிடைத்தது இருக்கிற பண்ணை இல்லை, நியூ ஜெர்சியில் 300 ஏக்கர். பெர்க்ஸ் நிலம் தம்பிகளுக்குப் போனது. ஆக, பெர்க்ஸ் காகிதங்களை மட்டும் பார்த்தால் மூத்தவன் காணாமல் போய்விடுவான். பிறகு வர்ஜீனியாவில் ஒரு ஜான் லிங்கன் நிலம் வாங்குகிறார். அவரும் இவரும் ஒருவரா? 1748ல் லான்காஸ்டர் கவுன்டியில் கேர்னார்வன் டவுன்ஷிப்பைச் சேர்ந்த ஜான் லிங்கன் நியூ ஜெர்சியில் அந்த 300 ஏக்கரை விற்கிறார், அப்பா மார்டகை வழியாக வந்த நிலம் என்று பத்திரமே சொல்கிறது. மார்டகையின் மகன் இருந்த டவுன்ஷிப் கையில் வந்துவிட்டது, வர்ஜீனியா ஜானோடு ஒப்பிட்டுப் பார்க்க இனி ஒரு பிடி கிடைத்தது. பிடிபடாமல் இருந்த ஆள் ஒரு கிரயப் பத்திரத்தின் முன்வரலாற்றுப் பகுதியில் இருந்தார்.

பத்திரக்காரம்மா

விற்கிறவனுக்கு அந்தச் சொத்து எப்படிக் கிடைத்தது என்று எழுதும் பத்தி. அதை எழுதாத பத்திரத்தை நாங்கள் திருப்பி அனுப்பிவிடுவோம். இத்தனை நாள் வாங்கிய பத்திரங்களையே தேடிக்கொண்டிருந்தேன், விற்றதைப் பார்க்கவே இல்லை.

லூயிவில்வாசி

அம்மா, நான் கென்டக்கியில் இருக்கிறேன், பழைய சொத்துகளுக்கு வில்லங்கம் பார்த்துக் கொடுப்பது என் வேலை. கதையின் அடுத்த பகுதி எங்கள் பக்கம் என்பதால் நான் எழுதுகிறேன்.

அந்த ஜான் 1768ல் வர்ஜீனியாவில் லின்வில் ஓடைக்கரையில் 600 ஏக்கர் வாங்கினார். 1773ல் மகன் ஆபிரகாமுக்கு 210 ஏக்கர், இன்னொரு மகன் ஐசக்குக்கு 215 ஏக்கர் எழுதிக்கொடுத்தார். விலை ஐந்து ஷில்லிங். இது கிரயம் இல்லை, உயிரோடு இருக்கும்போதே பாகம் பிரித்துக் கொடுத்தது, ஒப்புக்கு ஒரு தொகை போட்டார்கள். இந்த ஐந்து ஷில்லிங் பத்திரம் வாங்கிய மகனை அப்பாவின் உயிலில் தேடிப் பயன் இல்லை. உங்கள் வில்லியமும் இப்படி வாங்கியவராக இருக்கலாம்.

கவுன்டி பிரிந்த கதை இங்கேயும் உண்டு. 1768, 1773 பத்திரங்கள் அகஸ்டா கவுன்டியில் இருக்கின்றன. 1778ல் ராக்கிங்ஹாம் தனியானது. 1864ல் உள்நாட்டுப் போரில் எதிர்ப்படை வந்தபோது ராக்கிங்ஹாம் கச்சேரி ஏடுகளை வண்டியில் ஏற்றி ஒளித்துவைக்கக் கொண்டுபோனார்கள், வழியில் அந்தப் படை வண்டிக்குத் தீ வைத்துவிட்டது. பாதி கருகியது. தாய்க் கவுன்டியில் இருந்தவை தப்பின. ஒரு கவுன்டியில் எரிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அது எந்தக் கவுன்டியிலிருந்து பிரிந்தது என்று உடனே கேளுங்கள்.

இந்த ஆபிரகாம் ஜனாதிபதியின் தாத்தா. 1780 பிப்ரவரியில் 250 ஏக்கரை 5,000 பவுண்டுக்கு விற்றார். தொகையைப் பார்த்துப் பெரிய பணக்காரர் என்று நினைக்க வேண்டாம், போர்க்காலக் காகிதப் பணம் அது. அந்த விற்பனையில் மனைவியின் கையெழுத்துதான் எனக்குப் பிடித்த விஷயம். கணவன் இறந்தால் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள் வரை அனுபவிக்க மனைவிக்கு உரிமை உண்டு. அவள் விட்டுக்கொடுக்காமல் விற்றால் வாங்கியவனுக்கு வில்லங்கம். அதனால் கணவன் இல்லாத இடத்தில் அவளைத் தனியாக விசாரித்து, மனமொப்பித்தான் விட்டுக்கொடுக்கிறாயா என்று கேட்டு எழுதுவார்கள். இந்த விற்பனையில் அந்த விசாரணை 1781 செப்டம்பரில்தான் முடிந்தது. அதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. மனைவி பெயர் பத்ஷீபா, அது ஒன்று. இந்தப் பாட்டியின் பெயர் மேரி என்று பலகாலம் எழுதிவந்தார்கள். இரண்டாவது, 1781 செப்டம்பர் வரை அவள் வர்ஜீனியாவில்தான் இருந்தாள், அப்படியானால் குடும்பம் கென்டக்கி போனது அதற்குப் பிறகு. தாத்தா 1781, 82 வாக்கில் வந்தார் என்று பேரன் எழுதியதும் அதோடு ஒத்துப்போகிறது.

அளவுச்சங்கிலி

மரத்தைப் பற்றி அம்மா கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன், சர்வே என் துறை. ஒரு போல் பதினாறரை அடி, நான்கு போல் ஒரு சங்கிலி, 66 அடி. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். பத்திரத்தில் இருக்கும் திசையையும் நீளத்தையும் அப்படியே காகிதத்தில் வரைந்து வெட்டி எடுங்கள். பக்கத்து நிலத்துக்காரர் பத்திரத்தையும் அதே அளவில் வரைந்து வெட்டுங்கள். விளிம்பு விளிம்போடு பொருந்தினால் இடம் கிடைத்துவிட்டது, மரம் தேவையில்லை. நான் முதல் தடவை இப்படிப் பொருத்திய அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

மரமும் சில இடத்தில் இருந்திருக்கிறது. லிங்கன் பிறந்த பண்ணையில் 1805 சர்வேயில் எல்லை மரமாகக் குறித்த வெள்ளை ஓக் 1976 வரை உயிரோடு நின்றது.

இன்னொன்று. அளவைக் குறிப்பின் அடியில் சங்கிலி பிடித்தவர்கள் பெயர் இருக்கும். கண்ணை எடுக்காமல் படியுங்கள். தாத்தா ஆபிரகாம் 1780 மார்ச்சில் வாங்கிய நில வாரண்ட் (இவ்வளவு நிலம் அளந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதிச் சீட்டு) ஒன்று 400 ஏக்கர், 160 பவுண்டு. அதன் நிலத்தைக் கென்டக்கியில் லாங் ரன் ஓடையருகே 1785 மே 7ல் அளந்தார்கள். பெயர் "லிங்க்ஹார்ன்" என்று இருக்கிறது. லிங்கன் என்று மட்டும் தேடினால் கிடைக்காது. கீழே சங்கிலி பிடித்தவர்கள்: ஹனனையா லிங்கன், ஜோசையா லிங்கன். எல்லையில் குறி போட்டவர் ஆபிரகாமே. ஒரே தாளில் உறவுக்காரர்களின் பெயர் சரியாகவும் சொந்தக்காரரின் பெயர் தப்பாகவும் இருக்கிறது. ஜோசையா அவருடைய மகன். காட்டுக்குள் சங்கிலி இழுக்கக் கூலிக்கு யார் வருவார்கள், வீட்டுப் பையன்கள்தான் வருவார்கள்.

புதுஆள்_ராலே

இது எனக்குத் தோன்றியே இருக்காது. அளவுச்சங்கிலி சார், ஒரு சந்தேகம். இவ்வளவு நிலம் வைத்திருந்த தாத்தாவின் பேரன் எப்படி அவ்வளவு ஏழையாக வளர்ந்தார்?

லூயிவில்வாசி

அதைச் சொல்லத்தான் வந்தேன். 1786 மே மாதம் அந்தத் தாத்தா தன் நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது செவ்விந்தியர் ஒருவரால் கொல்லப்பட்டார். உயில் எழுதவில்லை. 1788 அக்டோபரில் நெல்சன் கவுன்டி கோர்ட்டில் அவருடைய பொருள்களைக் கவனிக்க ஒருவரை நியமித்தார்கள், அடுத்த வருஷம் பட்டியல் தாக்கலானது. குதிரை, மாடு கன்று, கலப்பை, துப்பாக்கிகள், தட்டுமுட்டுச் சாமான் என்று வரிசையாக விலை போட்டிருக்கும். நிலம் ஒரு வரி கூட இல்லை. புதிதாகப் பார்ப்பவர்கள், பாவம், நிலமே இல்லாதவர் போல என்று எழுதிவிடுவார்கள். அப்படி இல்லை. இறந்தவர் பட்டியலில் அசையும் பொருள் மட்டும்தான் வரும். நிலம் சட்டப்படி வாரிசுக்கு நேரே போய்விடும்.

வாரிசு யார்? கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் பகுதி. உயில் இல்லாவிட்டால் நிலம் முழுக்க மூத்த மகனுக்கு என்பது பழைய சட்டம். எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு என்ற புதுச் சட்டம் 1785ல் நிறைவேறியது, அமலுக்கு வந்தது 1787 ஜனவரி 1. அப்பா இறந்தது 1786 மே. எட்டு மாதம்தான் குறுக்கே நின்றது. நிலம் மூத்த மகனுக்குப் போனது, அவர் பெயரும் மார்டகைதான், முன்னே வந்தவர்கள் இல்லை. கடைசி மகன் தாமஸ், ஜனாதிபதியின் அப்பா, அப்போது சின்னப் பையன், அவருக்கு ஒன்றும் வரவில்லை. கூலி வேலை பார்த்து வளர்ந்தார். 1803ல் சொந்தமாக 238 ஏக்கர் வாங்கினார், பிறகு வாங்கிய நிலங்களிலும் பட்டா வழக்கு. ஒரே நிலத்தை இரண்டு மூன்று பேருக்கு மேலுக்கு மேல் அளந்து கொடுத்திருந்தார்கள் இங்கே. 1816ல் குடும்பத்தோடு இண்டியானா போய்விட்டார். அடிமை முறையும் ஒரு காரணம், ஆனால் முக்கியக் காரணம் கென்டக்கியில் நில உரிமைச் சிக்கல் என்று மகன் ஆபிரகாமே எழுதியிருக்கிறார்.

அதனால் அம்மா, ஆள் இறந்த தேதியையும் அன்று அமலில் இருந்த சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் பென்சில்வேனியாவில் வர்ஜீனியா மாதிரி இல்லை. உயில் இல்லாமல் இறந்தால் மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு, மற்றவர்களுக்கு ஒவ்வொரு பங்கு, இது 1794 வரை. நிலப் பங்கீட்டில் ஏழு பிள்ளைகள் இருந்து எட்டுப் பாகம் போட்டிருந்தால் அதனால்தான்.

ஓலைச்சுவடி

ஒரு வழியும் சொல்லிவிடுகிறேன். ஃபேமிலிசர்ச் தளத்தில் 2024லிருந்து முழு உரைத் தேடல் இருக்கிறது, பழைய கையெழுத்து ஏடுகளையே இயந்திரம் படித்துக் கொடுக்கிறது. கணக்கு இலவசம். பெயரை மட்டும் போட்டால் மலைபோல வந்து விழும். பெயரோடு ஓடையின் பெயரையோ பக்கத்து நிலத்துக்காரர் பெயரையோ சேர்த்துப் போடுங்கள்.

பத்திரக்காரம்மா

பதினொரு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லோருக்கும் முதலில் நன்றி.

மூன்று ஜான்களுக்கும் தாள் போட்டேன். ஒருவர் தையல்காரர், மனைவி மேரி. ஒருவர் 1771ல் எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போய்விட்டார். மூன்றாமவர் மனைவி எலிசபெத், உயிலிலும் எலிசபெத். அவர் வாங்கிய பத்திரங்களை விட்டுவிட்டுக் கொடுத்தவற்றைத் தேடினேன். நேற்று மத்தியானம் கிடைத்தது. 1776. ஜானும் அவர் மனைவி எலிசபெத்தும் எழுதிக்கொடுத்தது, ஐந்து ஷில்லிங்கும், "தங்கள் மகன் வில்லியத்தின் மேல் உள்ள இயல்பான அன்புக்கும் பாசத்துக்கும்" என்று இருந்தது. 112 ஏக்கர்.

அந்த வரியைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது தம்பி. செட்டில்மெண்ட் பத்திரங்களில் "தங்கள்பேரில் எனக்குள்ள அன்பினாலும் அபிமானத்தினாலும்" என்று எத்தனை ஆயிரம் தடவை படித்துச் சரிபார்த்திருப்பேன். அடியில் எலிசபெத்தைத் தனியாக விசாரித்த குறிப்பும் இருக்கிறது. ஜான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவள் பெயரை எழுத்தர் எழுதி நடுவில் இடம் விட்டிருக்கிறார், அங்கே அவள் குறி. ஏட்டில் நகலெடுத்தவர் அந்தக் குறியையும் அப்படியே வரைந்திருக்கிறார், பெருக்கல் குறி இல்லை, வளைந்த ஆங்கில E எழுத்து மாதிரி ஒன்று. மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் பையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய அம்மாவுக்கும் எலிசபெத்தான் பெயராம்.

இப்போது ஜானுக்கு மேலே போக வேண்டும். அந்த 112 ஏக்கர் 1749ல் வாங்கிய பெரிய நிலத்தின் பகுதி என்று பத்திரம் சொல்கிறது. வெள்ளிக்கிழமை மகன் பிலடெல்பியாவுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறான். அங்கே போய் முதலில் எதைக் கேட்பது?

லூயிவில்வாசி

அம்மா, ரொம்ப சந்தோஷம்! 1749 கிரயத்தில் விற்றவர் பெயரை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு அவருடைய உயில் இருக்கிறதா என்று பாருங்கள், மாமனாராகக் கூட இருக்கலாம். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களையும் விடாமல் எழுதிக்கொண்டு வாருங்கள்.

அளவுச்சங்கிலி

112 ஏக்கரின் எல்லை வரிகளை இங்கே போடுங்கள் அம்மா, வெள்ளிக்கிழமைக்குள் வரைந்து தருகிறேன்.